குடியை விட்டவரின் சாயங்காலம்

முதலில் ஒரு கணக்கு. தினமும் மாலை 6 மணிக்குக் குடிக்கக் கிளம்பி, இரவு 10 மணிக்கு வீடு திரும்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 1,460 மணி நேரம். ராப்பகலாக எண்ணினால் முழுசாக இரண்டு மாதம். எட்டு மணி நேர வேலைநாளாக எண்ணினால் 182 நாள். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் கழித்து, ஒரு மில் தொழிலாளி ஏழெட்டு மாதம் பார்க்கிற வேலை அது. குடியை நிறுத்திய மறுநாளே இந்த 1,460 மணி நேரமும் மொத்தமாக அவர் கைக்கு வந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை.

ராதாபுரம் வட்டாரத்தில் அந்த நேரம் எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போனவர்கள் வள்ளியூர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வரகுணபாண்டீஸ்வரர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். டீக்கடை பெஞ்சில் நாலு பேர், பனைமரத்தடியில் நாலு பேர். இளவட்டங்கள் கபடிக் களத்தில் கோடு போடுவார்கள். சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவருக்கு, இதில் எந்தக் கூட்டத்தோடு போய் உட்காருவது என்பது சின்ன விஷயமே இல்லை. பழைய கூட்டாளிகள் பழைய இடத்திலேயே இருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாலோ நேரம் நகராது.

விளையாட்டு, சிரிப்பு, சிநேகிதம் எல்லாம் 'உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பட்டியலில்தான் வழக்கமாகப் போகும். கடந்த 50 ஆண்டு ஆராய்ச்சி அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறது. மூளை குணமாகிற வேலையில் சந்தோஷத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கப் போனால், ஒவ்வொரு படியிலும் ஓர் அதிசயம் காத்திருக்கிறது.

மேலே போகுமுன் ஓர் எச்சரிக்கை. மூளையில் காபா என்ற வேதிப்பொருள் செல்களை அமைதிப்படுத்தும். குளூட்டமேட் அவற்றை முடுக்கிவிடும். மது முதலாவதின் வேலையைக் கூட்டி, இரண்டாவதின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் குடிக்கிறவரின் மூளை இதை ஈடுகட்ட, தன் முடுக்கத்தை உயர்த்தியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல், சில நேரம் உயிராபத்து வரை போகும். அதனால் நாள்பட்ட குடியை நிறுத்துவது டாக்டர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டுவார்கள். நாம் பேசப்போவது அந்தக் கட்டத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தவரைப் பற்றி.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. உலக மக்கள்தொகையைப் போலப் பத்து மடங்கு. அவற்றில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறவை நான்கு முதல் ஆறு லட்சம்தான். கிட்டத்தட்ட திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை அளவு. பத்து உலகத்துக்கு ஒரு நெல்லை. இந்தச் சிறுபான்மைதான், எது வேண்டும், எதற்காக எழுந்து நடக்க வேண்டும் என்பதை மற்ற செல்களுக்கு அறிவிக்கிறது.

டோபமைன் என்றால் இன்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து இந்தச் செல்களின் துடிப்பை அளந்தார். எதிர்பாராமல் சாறு வந்தால் அவை படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வரும்போது செல்கள் பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வரவேண்டிய அதே நொடியில் துடிப்பு அடங்கிப்போனது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தச் செல்கள் கணக்கிடுகின்றன. இதற்கு 'எதிர்பார்ப்புப் பிழை' என்று பெயர்.

இதை மாலை 6 மணிக்குப் பொருத்திப் பாருங்கள். பல வருடமாக அந்த நேரமும், அந்த பஸ் நிறுத்தமும், அந்தத் திருப்பமும் விளக்குகளாக எரிந்திருக்கின்றன. இன்றைக்கும் எரிகின்றன. குடி வரவில்லை. துடிப்பு விழுகிறது. குடியை விட்டவர் 'ஏனோ சாயங்காலமானா மனசே சரியில்ல' என்று சொல்லும்போது, தன் மூளையின் கணக்குப் பதிவேட்டைத்தான் வாசித்துக் காட்டுகிறார். அதில் மனத்திடக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. டோபமைன் வந்து சேர்கிற வாசல்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். நோரா வோல்கோவின் குழு குடிநோயாளிகளின் மூளையைப் படம்பிடித்தபோது, அவற்றில் ஒரு வகை குறைவாக இருந்தது. குடியை நிறுத்தி நான்கு மாதம் வரைக்கும்கூட பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வாசல் குறைந்தால் சின்னச் சந்தோஷங்கள் உள்ளே வருவது கஷ்டம். பிள்ளையின் பேச்சு, நல்ல சாப்பாடு, டிவியில் ஒரு பழைய படம் எல்லாம் சப்பென்று இருக்கும். டாக்டர்கள் இதை 'இன்பமின்மை' என்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு, 'குடிச்சப்பவாவது சிரிச்சுப் பேசுவாரு' என்று நொந்துகொள்வதும் உண்டு.

நல்ல செய்தி, இந்த இடத்தில் மூளை கெட்டிக்காரத்தனமாக இரண்டு வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளின் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அந்த எலிகள் தாமாகப் போய் எதையும் சாப்பிடாது, பட்டினியாகவே கிடக்கும். ஆனால் நாக்கில் இனிப்புப் பட்டதும், மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசித்தன. வேண்டும் என்ற இழுப்பு வேறு, கிடைத்ததை ரசிப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சுற்றுகள். குடியை விட்டவருக்குப் பெரிதும் அடிபட்டிருப்பது இழுப்பு. ரசனை உள்ளே காத்திருக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள் பெரிது. 'மனசு வந்தா மேட்ச் பார்க்கப் போறேன்' என்று காத்திருந்தால் மனசு வராது. வரவழைக்கும் இயந்திரம்தானே பழுதாகிக் கிடக்கிறது. மனசு வராமலே கிளம்பிப் போய்க் களத்தின் ஓரம் நின்றுவிட்டால், அரை மணி நேரத்தில் கால் தானாகக் கோட்டருகே நகர்வதைப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு டாக்டர்கள் இதே வழியை ஒரு சிகிச்சையாகவே தருகிறார்கள்: முதலில் செயல், பின்னால் ஆசை.

இனி, குடிக்கிற இடத்துக்கும் சூழலுக்கும் வருவோம். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பியதும் நாடே சீரழியும் என்று வாஷிங்டன் பயந்தது. லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் 1970-களில் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அடிமையாகியிருந்தவர்களில் திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். அறிக்கையை முதலில் பலர் நம்பவே இல்லை. போர்முனை, அந்த வெக்கை, அந்தத் தோழர்கள், அந்தச் சலிப்பு அத்தனையும் ஒரே விமானப் பயணத்தில் மறைந்துபோனது ஒரு முக்கியமான காரணம்.

பனங்காட்டில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க ஆராய்ச்சியே தேவையில்லை. ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். இந்தப் பக்கத்துப் பேச்சில் பயினி. தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் கள். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் கிருமிகள் இரண்டு கலயத்துக்கும் பொதுவானவைதான். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றுவதால் அவை பெருகி நொதிக்க வைக்க முடிவதில்லை. சாறு மாறவில்லை, அதைத் தாங்குகிற பாத்திரம் மாறியது.

ஆனால் நம் ஆளுக்கு விமானம் ஏறிப் போக வழியில்லை. ராதாபுரத்துக்காரர் ராதாபுரத்திலேயேதான் வாழ வேண்டும். அப்படியானால் ஊரை அப்படியே வைத்துக்கொண்டு சாயங்காலத்தை மட்டும் மாற்ற முடியுமா? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து அன்னா நகர மனநல மருத்துவமனையில் இரண்டு பேர் இதை முயன்று பார்த்தார்கள். ஜார்ஜ் ஹன்ட், நேதன் அஸ்ரின் என்ற அந்த உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு, என் கணக்கில், போதை மீட்பு வரலாற்றிலேயே மிகவும் அழகான ஒன்று.

கடும் குடிநோயாளிகள் 16 பேரை இரண்டிரண்டாக இணை சேர்த்தார்கள். எட்டுப் பேருக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சிகிச்சை. மற்ற எட்டுப் பேருக்கும் அதோடு இன்னொன்றும் கிடைத்தது. குடிக்காத வாழ்க்கையை, குடிக்கிற வாழ்க்கையைவிட ருசியாக்கும் வேலையை ஆலோசகர்களே இறங்கிச் செய்தார்கள். வேலை தேடிக் கொடுத்தார்கள். கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவரிடம் ஒருவர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேசவைத்தார்கள். வீட்டுக்குப் பேப்பர் சந்தா, டெலிபோன், டிவி வர ஏற்பாடு செய்தார்கள். காரணம் எளிமையானது: பேப்பர் படித்தால் நாலு பேரிடம் பேச விஷயம் இருக்கும், டெலிபோன் இருந்தால் சிநேகிதர்கள் கூப்பிடுவார்கள். குடும்பமே இல்லாத ஒருவருக்கு 'மாற்றுக் குடும்பம்' ஒன்றைக்கூடத் தேடித் தந்தார்கள். அவர்கள் அவரை முறைவைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவர் அவர்கள் வீட்டு வேலைக்குக் கைகொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மன்றம் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் பிடித்த இடம், முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு கட்டடம். குடிக்கப் போய்ப் பழகிய கால்களுக்குப் பழக்கமான மாதிரி இடம்தான். உள்ளே மட்டும் மது கிடையாது. சனிக்கிழமை இரவு பாட்டு, நடனம், சீட்டாட்டம், பிங்கோ, சினிமா, நொறுக்குத்தீனி. சில நாள் எல்லாருமாக வெளியூருக்குக் கூட்டாஞ்சோறு. மனைவியையும் சிநேகிதர்களையும் கூட்டி வரலாம். குடித்துவிட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். விதி அவ்வளவுதான்.

ஆறு மாதம் கண்காணித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 79 சதவீத நாட்கள் குடித்தார்கள். மன்றத்துக்காரர்கள் 14 சதவீத நாட்கள். மாதக் கணக்கில் சொன்னால், ஒருபக்கம் 24 நாள், மறுபக்கம் 4 நாள். வேலையில்லாமல் இருந்த நாட்கள் 62 சதவீதத்துக்கு எதிராக 5 சதவீதம். எட்டுக்கு எட்டு என்பது சின்ன ஆய்வுதான். ஆனால் அதற்குப் பின் அந்த முறையைப் பல நாடுகளில், பல போதைப்பொருட்களுக்கு முயன்று பார்த்து, அது பலன் தருகிறது என்று உறுதிசெய்திருக்கிறார்கள். 'சமூக வலுவூட்டல் முறை' என்று அதைச் சொல்லலாம்: நல்லபடி வாழ்வதற்குச் சமூகமே பரிசு தருவது.

எலிகளும் இதற்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. 2018-ல் மார்கோ வென்னிரோவும் யாவின் ஷஹாமும் வெளியிட்ட ஆய்வில், எலிக்கு முன்னால் இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அழுத்தினால் போதைமருந்து; இன்னொன்றை அழுத்தினால் ஒரு சிறு கதவு திறந்து, இன்னொரு எலியோடு ஒரு நிமிஷம் விளையாடலாம். ஏற்கெனவே போதைக்குப் பழகிப்போன எலிகள்கூட ஏறக்குறைய எப்போதும் கதவைத்தான் திறந்தன. கதவு திறக்கத் தாமதமானபோது மறுபடி மருந்துப் பக்கம் சாய்ந்தன. கூட்டாளி இருந்தால் போதாது, தேவைப்படுகிற அந்த நேரத்தில் இருக்க வேண்டும். நாளை வருகிறேன் என்கிற சிநேகிதனைவிட, இப்போதே டீக்கடைக்கு வருகிறவனே மேல்.

கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு பலம்? நம் உடம்பே தயாரிக்கிற அபின் ஒன்று உண்டு. எண்டார்ஃபின் என்று பெயர். குடிக்கும்போது கிடைக்கிற இதத்தில் ஒரு பங்கு, மது இந்த எண்டார்ஃபினை வெளியேற்றுவதால் வருவது. குடிநோய்க்கு டாக்டர்கள் தருகிற நால்ட்ரெக்ஸோன் மாத்திரை இந்த வாசலைத்தான் அடைக்கிறது. அதே எண்டார்ஃபினை மதுவே இல்லாமல் வரவழைக்கும் இரண்டு மூன்று வழிகளை மனிதக்கூட்டம் ஆதியிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பரின் குழு 2010-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. படகுப்போட்டி வீரர்கள் 12 பேரை ஜிம்மில் 45 நிமிஷம் துடுப்பு இயந்திரம் இழுக்கவைத்தார்கள். ஒருமுறை தனியாக, ஒருமுறை குழுவாகச் சேர்ந்து ஒரே தாளத்தில். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டிக் காற்றடித்து இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். எண்டார்ஃபின் கூடினால் வலி தாங்குவது கூடும். உழைப்பு இரண்டு முறையும் ஒன்றுதான். சேர்ந்து இழுத்தபோது தாங்கும் சக்தி தனியாக இழுத்ததைவிட மிகவும் அதிகமாக உயர்ந்திருந்தது. சேர்ந்து சிரிப்பதும் சேர்ந்து ஆடுவதும் இதையே செய்கின்றன என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் யோசித்துப் பார்க்கலாம். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' என்று ஒரே குரலில் வாங்குகிறார்கள். குடத்தில் தாளம், உடுக்கையில் தாளம், ஜால்ராவில் தாளம். இடையிடையே கூட்டமே சிரிக்கிற பேச்சு. ஒத்த தாளம், ஒத்த குரல், ஒத்த சிரிப்பு: ஆக்ஸ்போர்டுக்காரர்கள் பிரித்துப் பிரித்து அளந்தவை அத்தனையும் ஒரே பந்தலுக்குள் இருக்கின்றன. கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் அப்படியே.

கபடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அணிக்கு ஏழு பேர். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. உள்ளே வருகிறவரை மடக்க எதிரணி கைகோத்துச் சங்கிலியாக நிற்கும். ஒரு கை விட்டால் ஆள் தப்பினார். தொடுகை, தாளம், வியர்வை, கூச்சல், நம்பிக்கை எல்லாம் 40 நிமிஷத்துக்குள். பாடிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு அந்த 30 நொடியில் மூளையில் வேறு எதற்கும் இடமில்லை. கல்லீரலோ இதயமோ பாதிக்கப்பட்டவர் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. அவருக்கு ஸ்கோர் எழுதுகிற வேலை இருக்கிறது, பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை இருக்கிறது. மின்னொளிக் கபடிப் போட்டி ஒன்றை நடத்தி முடிக்க எத்தனை கை வேண்டும் என்பது போஸ்டர் ஒட்டியவர்களுக்குத் தெரியும்.

'மூளையில் இடமில்லை' என்றேனே, அது பேச்சுக்குச் சொன்னது இல்லை. குடிக்க வேண்டும் என்ற தாகம் பெரும்பாலும் படமாகத்தான் வரும்: கிளாஸ், அதில் விழுகிற ஐஸ், பக்கத்தில் மிக்சர். அந்தப் படத்தை ஓட்டுவதற்கு மூளையில் உள்ள திரை மிகவும் சின்னது. அதே திரையில் வேறு படம் ஓடினால் தாகத்துக்கு இடம் போய்விடும். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு, அவ்வப்போது கட்டம் அடுக்குகிற டெட்ரிஸ் விளையாட்டை மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 70 ஆக இருந்த ஆசையின் வேகம் 56 ஆகக் குறைந்தது. மதுவுக்கும், சிகரெட்டுக்கும், தின்பண்டத்துக்கும் அப்படித்தான். பொதுவாக ஒரு தாகம் எழுந்து, உச்சிக்குப் போய், தானாக வடிய அரை மணி நேரம் பிடித்தால் அதிகம். அதைக் கடத்திவிட்டால் போதும். ஆடுபுலி ஆட்டம், தாயம், செஸ் எல்லாம் கண்முன் கட்டத்தையும் காயையும் நகர்த்திப் பார்க்கவைப்பவை. இந்த வேலைக்கு அவை கச்சிதம் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில் ஓர் ஊரே இதைச் செய்துகாட்டியிருக்கிறது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், காட்டோரம் இருக்கிற மரோட்டிச்சால். அரை நூற்றாண்டுக்கு முன்பு அங்கே வீட்டுக்கு வீடு சாராய அடுப்பு, தெருவுக்குத் தெரு சூதாட்டம். ஊரார் சிலர் கலால் துறையின் உதவியோடு காய்ச்சுவதை நிறுத்தப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்தால் மட்டும் போதாதே, சாயங்காலம் இருக்கிறதே. உண்ணிகிருஷ்ணன் என்ற இளைஞர், பாபி ஃபிஷரைப் பற்றிப் படித்து ஆர்வம் வந்து, பக்கத்து ஊரில் செஸ் கற்றிருந்தார். ஊரில் ஒரு டீக்கடை போட்டார். டீயோடு செஸ்ஸையும் கற்றுக்கொடுத்தார். ஒருவர் இரண்டு பேராகி, இரண்டு பேர் கடைத் திண்ணை நிறைய ஆகி, சீட்டுக்கட்டு இருந்த இடத்தில் செஸ் போர்டு வந்து உட்கார்ந்தது. இன்று சுமார் 6,000 பேர் இருக்கிற அந்த ஊரில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் செஸ் தெரியும் என்கிறார்கள். பஸ் நிறுத்தத்திலும் கடை வாசலிலும் ஆட்டம் நடக்கிறது. அஸ்ரினின் ஆய்வு எதுவும் இல்லாமல், அதே தத்துவம் ஒரு டீக்கடையில் பிறந்திருக்கிறது.

'என்ன இருந்தாலும் குடிச்சா வர்ற ஜாலி வருமா?' என்று கேட்பவர்களுக்கும் ஆய்வுக்கூடத்தில் பதில் உண்டு. சியாட்டிலில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மங்கிய விளக்கும் பாட்டுமாக ஒரு பாரைக் கட்டினார். மாணவர்களுக்கு வோட்கா என்று சொல்லி, மது கலக்காத டானிக் தண்ணீரைக் கொடுத்தார். சிரிப்பு, உரத்த பேச்சு, கும்மாளம் எல்லாம் ஒன்றும் குறையாமல் நடந்தது. சொட்டு மது இல்லை. அதற்கு முன்பு 1973-ல் அவர் குடிநோயாளிகளிடமே செய்த சோதனை இன்னும் ஆச்சரியம். உள்ளே என்ன இருந்தது என்பதைவிட, என்ன இருக்கிறது என்று நம்பினார்கள் என்பதே எவ்வளவு குடிப்பார்கள் என்பதைத் தீர்மானித்தது. வோட்கா என்று நம்பியவர்கள் சுமார் இரண்டு மடங்கு குடித்தார்கள். குடியின் பேரில் எழுதிவைத்த குதூகலத்தில் பெரும்பங்கு, கூட வந்தவர்களுடையது, அந்த இரவுடையது.

கூட வருபவர் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மார்க் லிட்டின் குழு குடியை விட்டவர்களின் நட்பு வட்டத்தை ஆராய்ந்தது. வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலே, அடுத்த வருடம் குடிக்காமல் இருக்கிற வாய்ப்பு 27 சதவீதம் கூடியது. பழைய கூட்டாளிகள் எல்லாரையும் வெட்டிவிட வேண்டியதில்லை. ஊரில் அது நடக்கவும் நடக்காது, பாதிப் பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். ஓர் ஆளைச் சேர்க்க வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழகத்திலும் நடக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் வேலை செய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பேச்சைக் கேட்கப் போகிறவர் ஒரு சிநேகிதனோடு திரும்புகிறார்.

தமிழ்நாட்டில் இந்த உண்மையைக் கையால் தொட்டவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயில் இளம் கணவரை இழந்தவர், 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். சென்னைக்கு வரமுடியாதவர்களை நினைத்து, காவிரிப் படுகையில் மஞ்சக்குடி கிராமத்தில் 15 நாள் முகாம் போட்டார்கள். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து குணமாகி, சேர்ந்தே ஊர் திரும்பினார்கள். ஊருக்குத் திரும்பும்போதே ஒரு கூட்டு கையில் இருந்தது.

இனி கொடை விழா. இந்தப் பக்கத்தில் குடியை விட்டவருக்கு வருடத்தின் கடினமான பரீட்சை அதுதான். சுடலைமாடன் கொடையில் படையலிலேயே சாராயமும் சுருட்டும் இருக்கும். போகாமல் இருந்தால் ஊரோடு உறவு விட்டுப்போகும். போனால் பழைய விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரியும். வழி இருக்கிறது. மதியக் கொடைக்குக் குடும்பத்தோடு போய், வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால் உட்காருவது. சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறுகிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது. வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது. பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும் தாகத்தைத் தூண்டும் என்று மறுவாழ்வுக்காரர்கள் சொல்வது அனுபவ உண்மை. முதல் வருடம் சாமக் கொடைக்கு நிற்காமல், யாரோடு வந்தாரோ அவரோடு கிளம்பிவிடுவது. கபடியில் ஜெயித்த இரவுக்கும் இதே விதி. கோப்பைக்குப் பின்னால் பாட்டில் வரும்.

மறுப்பதற்கும் பயிற்சி உண்டு. சிகிச்சை மையங்களில் இதை நாடகம் போல நடித்தே பழக்குகிறார்கள்.

"மாப்ளே, ஒரு கட்டிங் மட்டும்."

"இல்ல மாப்ளே, நிப்பாட்டிட்டேன். எனக்கு ஒரு சோடா சொல்லு. ஒம் பொண்ணு பரீட்சை எப்படி எழுதியிருக்கா?"

மூன்று வாக்கியம். காரணம் சொல்லவில்லை, உபதேசம் செய்யவில்லை, பேச்சை அவன் பக்கம் திருப்பிவிட்டார். காரணம் சொன்னால் அதை வெட்டிப் பேச இடம் கிடைக்கும். முன்பே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால், அந்த நொடியில் யோசிக்க வேண்டியிருக்காது. கையில் ஏற்கெனவே ஒரு சோடாவோ நன்னாரி சர்பத்தோ இருந்தால் கேட்கிறவர்களும் குறைவு.

வீட்டில் இருப்பவர்களின் சாயங்காலத்தையும் மறந்துவிடக்கூடாது. கணவர் குடித்த வருடங்களில் கல்யாண வீட்டுக்குப் போகாமல், பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் மனைவியின் உலகமும் சுருங்கியிருக்கும். இருவரும் சேர்ந்து உவரிக் கடற்கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருவது அவருக்கும் சிகிச்சைதான். ஆலோசகர்கள் வாரத்துக்கு ஓர் உல்லாசத்தை முன்கூட்டியே நாள் குறித்து எழுதிவைக்கச் சொல்வார்கள். நாள் குறித்துவிட்டால் எதிர்பார்ப்பு தொடங்கிவிடும். அந்தப் பழைய டோபமைன் கணக்கு இப்போது நமக்காக வேலை செய்யும்.

மூளை இதற்கெல்லாம் பதில் தருகிறது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே. ஸ்டான்ஃபோர்டில் டிமோதி டுராசோவின் குழு, குடியை நிறுத்தியவர்களின் மூளை மேலுறையின் தடிமனை ஏழு மாதம் அளந்தது. 34 பகுதிகளில் 25 தடித்திருந்தன. முதல் மாதத்தில் வேகம் அதிகம். பெரும்பாலான பகுதிகள் குடிக்காதவர்களின் அளவுக்கே வந்துவிட்டன. மறுபடி ஒருமுறை சறுக்கி விழுந்தாலும் எல்லாம் போயிற்று என்றில்லை. திரும்ப எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் சொன்னது. டாக்டர்களும் படுக்கைகளும் கூட வேண்டும், சந்தேகமில்லை. சாயங்காலத்துக்கான ஏற்பாடு மட்டும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். மதுக்கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. ஊராட்சி நூலகமும் திடலும் அதே 10 மணி வரை திறந்திருக்க ஒரு சாவி, இரண்டு விளக்கு, ஒரு கேரம் போர்டு, நாலு செஸ் போர்டு, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி போதும். குடியை விட்டவர்களுக்கு என்று தனிப் பலகை மாட்ட வேண்டாம். எல்லாரும் வருகிற இடமாக இருந்தால்தான் அவர் கூச்சப்படாமல் வருவார். குடித்துவிட்டு வந்தால் உள்ளே இடமில்லை என்ற ஒரே விதி. முதல் சில வாரம், மனசு வராத நாட்களில், அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும். அது ஊராட்சித் தலைவராக இருக்கலாம், கபடிக் குழுவின் கேப்டனாக இருக்கலாம், அடுத்த தெரு அண்ணாச்சியாகவும் இருக்கலாம்.